பஸ் என்பது பெண்பால்

தம்பி,

தமிழில் எழுதியிருக்கிறேனே என்று எரிச்சல்படாதே. நீ தமிழ் படித்தது எட்டாம் வகுப்பு வரைதான், அதுவும் லோதி ரோடு பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்த பீரியடில் பாதித் தூக்கத்தில் படித்தது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். எனக்கும் அதுதான் வேண்டும். வாட்ஸப்பில் நான் எவ்வளவு நீளமாக அனுப்பினாலும் ஒரு பார்வையில் முடித்துவிட்டுக் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிடுகிறாய். இதை அப்படி முடிக்க முடியாது, உட்கார்ந்துதான் ஆகவேண்டும். இந்தியில் எழுதியிருக்கலாமே என்று மட்டும் கேட்காதே. என் இந்தி நம் வீட்டுக்கு என்ன செய்துவிட்டுப் போனது என்று உனக்கே தெரியும்.

காலையில் உன் வக்கீலின் குமாஸ்தா நம் மயூர் விஹார் வீடு வரை மெனக்கெட்டு வந்தார். உன் அம்மா டீ கொடுத்தாள். நான் கையெழுத்துப் போடவேண்டிய பிரமாணப் பத்திரத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தாராவை ரிச்சாவிடமே விட்ட குடும்ப நீதிமன்றத்தின் உத்தரவை எதிர்த்து நீ ஹைகோர்ட்டுக்குப் போகிறாய் என்பதும், அதற்கு என் பத்திரம் முக்கியம் என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ‘என் பேத்திக்கு நானோ என் குடும்பத்தாரோ எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவள் நீதிபதியிடம் பேசியது முழுக்க அவளுடைய சொந்த வார்த்தைகள்’ என்று நான் சத்தியம் செய்யவேண்டுமாம். நான் போட மாட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை படித்துப் பார்த்து ஏமாறவேண்டாம். மீதியெல்லாம் ஏன் போட மாட்டேன் என்பதுதான்.

உனக்கும் ரிச்சாவுக்கும் ஒத்துவராமல் போனதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அதில் யார் பக்கம் நியாயம் என்று உன் அம்மாவும் நானும் சண்டை போட்டுப் போட்டு ஓய்ந்துவிட்டோம். ரிச்சா பட்பட்கஞ்சில் தனியாக வீடு எடுத்துப் போனாள், தாரா வாரநாட்களில் அவளிடமும் சனி ஞாயிறில் நம்மிடமுமாக இருந்தாள், நீ முழுசாக உன்னிடமே வேண்டும் என்று மனுப் போட்டாய். அப்போது நான் உனக்கு எவ்வளவு தைரியம் சொன்னேன்! அரசாங்கத்தில் ஆயுசு முழுக்கக் கோப்பு பார்த்தவன் அல்லவா. கோப்பில் எந்தப் பக்கம் தாள் கனமாக இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் முடிவு சாயும் என்பது என் நம்பிக்கை. சட்டப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்து, தகப்பன்தான் இயற்கைப் பாதுகாவலன் என்ற வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டேன். ஐந்து வயதுக்குள் என்றால் சாதாரணமாகத் தாயிடம் என்று இருந்தது. தாராவுக்குத்தான் எட்டு ஆகிவிட்டதே, கவலையில்லை என்று சந்தோஷப்பட்டேன். உன் வக்கீலிடம் காட்டியபோது அவர் சிரித்தார். “அங்கிள்ஜி, அந்த வரியை வச்சு இப்ப ஒண்ணும் நடக்காது. குழந்தையோட நலன் எதுவோ அதுதான் முதல்ல. அது எதுங்கறதை ஜட்ஜ்தான் கண்டுபிடிக்கணும்” என்றார். கண்டுபிடிப்பது என்ற சொல்லை அன்று நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. நாம் நிரூபித்தால் அவர் ஒத்துக்கொள்வார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாய்தாவில் நீதிபதி தாராவைத் தனியாக அறைக்குள் கூப்பிட்டுப் பேசுவார் என்று தெரிந்ததும் நாம் என்ன செய்தோம்? சாப்பாட்டு மேசையில் தாராவை உட்காரவைத்து, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கும் போட்டிக்குத் தயார் செய்வதுபோல் தயார் செய்தோம். செய்தது நான்தான், ஆனால் நாம் என்று சொல்வதில் தப்பில்லை. உன் அம்மா பக்கத்தில் மாதுளம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். நீ போனைக் காதில் வைத்துக்கொண்டு கதவருகே வந்து எட்டிப் பார்த்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனாய். ஒரே ஒரு வாக்கியம். பொய்யும் இல்லை. நொய்டா டிவி சேனலில் ரிச்சாவுக்கு நைட் ஷிப்ட். சில நாள் காலையில் அவளால் எழுந்திருக்க முடியவில்லை, தாராவின் பள்ளி பஸ் போய்விட்டது. அதை தாராவே நம்மிடம் சொல்லியிருக்கிறாள். “மம்மி தேர் ஸே உட்தீ ஹை, மேரா பஸ் சூட் ஜாதா ஹை.” மம்மி லேட்டாக எழுந்திருக்கிறாள், என் பஸ் போய்விடுகிறது. அவ்வளவுதான் வாக்கியம். பஸ் போன நாட்களிலெல்லாம் ரிச்சா தூக்கக் கலக்கத்தோடு ஸ்கூட்டியில் கொண்டுபோய் விட்டாள் என்பதையும் தாராதான் சொன்னாள். அதை நாம் வாக்கியத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை.

மம்மியைச் சரியாகப் பெண்பாலில் வைத்துவிட்டேன், அந்த அளவுக்கு இந்த ஊர் என்னைத் தேற்றியிருக்கிறது. பஸ்ஸில்தான் மாட்டிக்கொண்டேன். உயிர் இல்லாத சாமானுக்கெல்லாம் ஆண் பெண் பார்க்கிற பாஷையோடு நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். ஆபீஸில் இந்திப் பரீட்சை எல்லாம் பாஸ் பண்ணிச் சான்றிதழ் வாங்கியவன்தான். ஆனாலும் தயிர் ஆண், ரொட்டி பெண், மேசை பெண், நாற்காலியும் பெண் என்றால் யாருக்கு நினைவிருக்கும்? மனிதனும் தெய்வமும் தவிர மற்றதெல்லாம் அஃறிணை என்று வளர்ந்தவன் நான். வேலைக்குப் போன காலமெல்லாம் டில்லி பஸ்ஸில் தொங்கினேன், அது பெண் என்று கடைசிவரை எனக்குப் பதியவே இல்லை. தாரா உடனே திருத்தினாள். “தாத்தா, மேரீ பஸ் சூட் ஜாதீ ஹை” என்றாள். நான் அவசரத்தில் இருந்தேன். “நான் சொல்ற மாதிரியே சொல்லு கண்ணு, மாத்தாதே” என்றேன். தாரா சொல்பேச்சுக் கேட்கிற குழந்தை. அப்படியே மனப்பாடம் செய்துகொண்டாள்.

அறைக்குள் நடந்ததை வாய்தா அன்று மதியம் நீதிபதி அம்மாள் எல்லோருக்கும் முன்னால் சொன்னார். உன் முகம் அப்போது எங்கேயோ இருந்தது, கேட்டாயோ இல்லையோ, எழுதிவிடுகிறேன். தாரா பள்ளிக்கூடம், சிநேகிதிகள், வரைகிற படங்கள் என்று பூவாய்க் கொட்டியிருக்கிறாள், எல்லாம் டில்லிப் பிள்ளைகளின் சுத்தமான இந்தி. நடுவில் திடீரென்று முதுகை நிமிர்த்திக் கையைக் கட்டிக்கொண்டு நம் வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறாள். நீதிபதி, “அச்சா பேட்டா, பஸ் ஆதா ஹை யா ஆதீ ஹை?” என்று கேட்டிருக்கிறார், பஸ் வருகிறானா வருகிறாளா என்பதுபோல. “ஆதீ ஹை.” “அப்புறம் ஏன் வேற மாதிரி சொன்னே?” “தாத்தா ஐஸே போல்தே ஹைன்.” தாத்தா அப்படித்தான் சொல்வார். இதில் குழந்தை யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. தாத்தாவின் இந்தி தப்பு என்பது அவளுக்கு ஒரு சாதாரணத் தகவல், தாத்தாவுக்கு வழுக்கை என்பதைப்போல. நீதிபதி என்னைப் பார்த்துக் கோபப்படவில்லை. லேசாகச் சிரித்தார். திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், நமக்குத்தான் வாய் இருக்கிறதே. சிரித்ததும் எனக்குத் தலை கவிழ்ந்துவிட்டது.

ஒரு எழுத்து மாறியதற்காகப் பெண்ணைப் பறித்துவிட்டார்கள் என்று நீ எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாய். அப்படி இல்லை தம்பி. அதற்குப் பிறகு உங்கள் இருவரையும் நிற்கவைத்து அவர் ஒரு கேள்வி கேட்டார், ஞாபகமிருக்கிறதா? முதலில் ரிச்சாவிடம். தாராவுக்கு அவள் அப்பாவிடம் ரொம்பப் பிடித்தது எது? ரிச்சா யோசிக்கவேயில்லை. தலைமுடிக்கு எண்ணெய் தேய்த்துச் சிக்கெடுக்கும்போது அவர் ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு பேர் வைத்துக் கூப்பிடுவார், அதைக் கேட்கவே இவள் வேண்டுமென்றே தலையைக் கலைத்துக்கொண்டு போவாள் என்றாள். சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். பிறகு உன்னிடம். தாராவுக்கு அவள் அம்மாவிடம் ரொம்பப் பிடித்தது எது? நீ வக்கீலைப் பார்த்தாய். அவர் கோப்பைப் புரட்டினார், அதில் எங்கே இருக்கப்போகிறது. “ஐ டோன்ட் நோ, மேடம்” என்றாய். உனக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். சொன்னால் தோற்றுவிடுவோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாய். நானும் உன் இடத்தில் இருந்திருந்தால் அப்படித்தான் நின்றிருப்பேன், அதனால்தான் உன்மேல் எனக்குக் கோபமே வரமாட்டேன் என்கிறது. நீதிபதி ஒரு வரி எழுதிக்கொண்டார். அந்தப் பேனா நகர்ந்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. இரண்டு பேரில் யார் நல்லவர் என்று அவர் தேடவில்லை. எந்த வீட்டில் இருந்தால் இந்தக் குழந்தை இன்னொரு வீட்டைப் பற்றி வாய்விட்டுப் பேசலாம் என்றுதான் தேடியிருக்கிறார்.

நம் வீட்டில் அப்படிப் பேச முடியாது என்பது புதிதில்லை. லோதி ரோடு குவார்ட்டர்ஸில் நீ குழந்தையாக இருந்தபோது, ஊரிலிருந்து யார் வந்தாலும் உன்னை நடுவில் நிறுத்தி, “உனக்கு அப்பா பிடிக்குமா, அம்மா பிடிக்குமா?” என்று கேட்பார்கள். நம் ஜனங்களுக்கு அது காபிக்கு முன்னால் ஒரு விளையாட்டு. என்னிடம் இருக்கும்போது அப்பா என்பாய், அவளிடம் இருக்கும்போது அம்மா என்பாய். இருவரும் இருக்கும்போது ஒருமுறை மதுரைச் சித்தப்பா விடாமல் கேட்டார். “சொல்லுடா, சொல்லாம விடமாட்டேன்!” நீ கண்ணாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நிஜாரிலேயே ஒன்றுக்குப் போய்விட்டாய். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். கல்யாண வீடுகளில் நான் அதைக் கதையாகச் சொல்லி வேறு மானத்தை வாங்கியிருக்கிறேன். ஒரு குழந்தையிடம் கேட்கக்கூடாத கேள்வி அது என்று எனக்கு ஒரு கோர்ட்டுக்குப் போய்த்தான் தெரியவேண்டியிருந்தது. அந்த அம்மாள்கூட தாராவிடம் அதை நேராகக் கேட்கவில்லையாம். உத்தரவிலேயே எழுதியிருக்கிறார், இவளைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது இவள்மேல் சுமையை ஏற்றுவதாகும் என்று. வக்கீல் அந்தப் பக்கத்தை உனக்கு மொழிபெயர்த்துச் சொல்லவேண்டிய அவசியமில்லை, ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. படித்தாயா?

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனி ஞாயிறு உன்னோடு, பெரிய லீவில் பாதி உன்னோடு, நடுவில் போனில் பேசலாம், வழக்கைப் பற்றிக் குழந்தையிடம் யாரும் வாய் திறக்கக்கூடாது. உத்தரவு இவ்வளவுதான். நீ கோர்ட்டை விட்டு வெளியே வந்ததும் காரில் ஏறாமலேயே கத்தினாய். “பிச்சை மாதிரி ரெண்டு நாள் எனக்கு வேண்டாம்பா. ஜெயிச்சு முழுசா கூட்டிட்டு வரேன், அதுவரைக்கும் நான் அவளைப் பார்க்கறதா இல்லை.” அன்றைக்கே மூட்டை கட்டிக்கொண்டு குர்காவ்ன் போனாய். அதன்பின் உன் முறை வந்த சனிக்கிழமை எதற்கும் நீ வரவில்லை. தாராவைக் கொண்டுவந்து விடவேண்டிய கட்டாயம் ரிச்சாவுக்கு இல்லை, நீ வராவிட்டால் அவள் சும்மா இருந்துவிடலாம். ஆனால் அவள் கொண்டுவருகிறாள். முதல்முறை லிப்ட் வாசலிலேயே நின்றுகொண்டு, அவளுடைய அரைகுறைத் தமிழில், “அப்பா, அவர் இல்லாட்டியும் பரவாயில்லை. உங்ககூட இருக்கட்டும்” என்றாள். உள்ளே வாம்மா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. உன் அம்மா, “பையைக் குடு, கனமா இருக்கு” என்று வாங்கிக்கொண்டாள். அந்தப் பொண்ணு படிக்கட்டு வழியாகவே இறங்கிப் போய்விட்டாள். அவளை மறுபடி மருமகளாக்கு என்று நான் சொல்லவரவில்லை, பயப்படாதே. அதெல்லாம் முடிந்த விஷயம்.

ஹைகோர்ட்டில் என்ன நடக்கும்? நான் சட்டம் படித்தவன் இல்லை, பென்ஷன் வாங்குகிறவன். ஆனால் இது தெரியும். அங்கேயும் ஒரு அறை இருக்கும், அங்கேயும் யாராவது குழந்தையைப் பார்க்கவேண்டும் என்பார்கள், தாரா புது கவுன் போட்டுக்கொண்டு இன்னொரு பெரிய நாற்காலியில் கால் எட்டாமல் உட்காரவேண்டும். ஒருவேளை நீ ஜெயிக்கவும் செய்யலாம். நான் பொய்ச் சத்தியம் செய்தால் ஜெயிக்க வாய்ப்பு கூடும் என்று குமாஸ்தா டீயை ஊதிக்கொண்டே சொன்னார். நீ ஜெயித்தால், தாத்தா அப்படிச் சொல்லவேயில்லை, நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று தாரா நினைத்துக்கொள்ள வேண்டிவரும். அவளைப் பொய்க்காரியாக்கித்தான் அவளை வாங்கவேண்டும் என்றால் எனக்கு அவள் வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் அப்படிச் சொல்லவும் என்னால் முடியவில்லையே. எனக்கு அவள் வேண்டும். தினமும் வேண்டும். முன்பு அவள் பள்ளி விட்டு வருகிற நான்கு மணி ஆனால் இந்த வீட்டில் எந்தப் பக்கம் திரும்புவது என்று எனக்குத் தெரியவில்லை. உன் அம்மா டிவியைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறாள். இதற்கெல்லாம் என்னிடம் மருந்து இல்லை. உனக்குப் புத்தி சொல்கிற நிலையிலும் நான் இல்லை, வயதுதான் இருக்கிறது, வேறு தகுதி இல்லை.

கேட்டுக்கொள்ள மட்டும் முடியும். மேல்முறையீட்டை விட்டுவிடு. என்னால் தோற்றாய் என்று என்னைக் காலமெல்லாம் திட்டு, பரவாயில்லை, போனில் திட்டு, நேரில் வந்து திட்டு. ஆனால் உன் முறை வரும் சனிக்கிழமை வந்துவிடு. இரண்டு நாள் பிச்சை இல்லை தம்பி, இரண்டு நாள்தான். நான் ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் உனக்கு முழுசாக இரண்டு நாள் என்றைக்குக் கிடைத்தேன்?

நீ ஏன் வரவில்லை என்று அவள் கேட்பதில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருக்கிறது. முன்பெல்லாம் ஜல்தி ஜல்தி என்று வீட்டையே விரட்டுகிறவள், இப்போது எதையும் கேட்பதில்லை. இட்லியா பூரியா என்றால், “எது இருக்கோ அது” என்கிறாள். நீலச் சட்டையா மஞ்சளா என்றால், “நீங்களே சொல்லுங்க பாட்டி” என்கிறாள். ரொம்பச் சமத்தாகிவிட்டாள் என்று உன் அம்மா முதலில் பெருமைப்பட்டாள். போன சனிக்கிழமை சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். சொசைட்டி வாசலில் ஐஸ்கிரீம் வண்டி நின்றது. வண்டிக்காரர் அவளைத் தெரிந்தவர், ஒரு கையில் மாம்பழ ஐஸும் ஒரு கையில் ஆரஞ்சு ஐஸும் எடுத்து நீட்டி, “போலோ குடியா, கௌன்ஸீ?” என்று கேட்டார். எது வேண்டும் சொல்லு பாப்பா என்றேன் நானும். அவள் இரண்டையும் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பின்னால் வேறு யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு என் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்து, காதோடு காதாகக் கேட்டாள்.

“தாத்தா, நான் எதைச் சொன்னா யாரும் அழ மாட்டாங்க?”

இரண்டையும் வாங்கிக் கொடுத்துவிட்டேன். கைக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு, எதை முதலில் கடிக்கலாம் என்று அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்பா